தடைப்பட்ட விநியோகம் மீள்வது எவ்வாறு? – 2021ஆம் ஆண்டின் பிராணவாயு நெருக்கடி

2021 ஏப்ரல் 19ஆம் நாள் இரவு, நவி மும்பைப் பகுதியிலுள்ள கலம்போலி நிலையத்திலிருந்து ஏழு டாங்கர் லாரிகளைத் தட்டை வேகன்களின்மீது ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் விசாகப்பட்டினம் உருக்காலையை நோக்கிப் புறப்பட்டது. ஏழு டாங்கர்களும் காலியானவை. மகாராஷ்டிர மாநிலத்தின் மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகள் பிராணவாயுவுக்காகத் தவித்துக்கொண்டிருந்த வேளையில், காலி டாங்கர்களுக்காக 1,850 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை ஒழித்துவிடப்பட்டது பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆயினும் அந்நெருக்கடியின் இயல்பை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை. நாட்டில் அப்போது மிகவும் அரிதாக இருந்தது பிராணவாயு என்பதைவிட, அதைச் சுமந்து செல்லும் கலம் என்பதே பொருத்தமாகும்.

ஒரு பண்டம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து பயனாளியின் கைக்கு வந்து சேரும்வரை இடையே அமைந்துள்ள ஆலைகள், கிடங்குகள், வண்டிகள், வழிகள், ஆணைகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து விநியோகச் சங்கிலி என்கிறோம். சங்கிலி என்ற சொல் ஒருவகையில் பொருந்தாது. உண்மையில் இது பல முனைகளும் பல கிளைகளும் கொண்ட வலைப்பின்னல். இப்பின்னலில் இடையூறு நேர்ந்தால் உற்பத்தியைப் பெருக்குவதே உடனடிப் பரிகாரம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் அனுபவம் அக்கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டிய அவசியத்தைக் காட்டுகிறது.

பற்றாக்குறை எங்கே இருந்தது?

முதல் அலையின் உச்சத்தில் நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 3,095 டன் மருத்துவப் பிராணவாயு தேவைப்பட்டது. இரண்டாம் அலையில் இத்தேவை ஏறத்தாழ 9,000 டன்னாக உயர்ந்தது. சில வாரங்களுக்குள் நேர்ந்த உயர்வு இது. திரவப் பிராணவாயுவின் உள்நாட்டு உற்பத்தியோ 2020 ஆகஸ்டில் நாளொன்றுக்கு 5,700 டன்னாக இருந்து, 2021 ஏப்ரல் 25ஆம் நாள் 8,922 டன்னை எட்டியது. நாடு முழுவதையும் ஒரே களஞ்சியமாகக் கருதினால் வரவும் செலவும் ஏறத்தாழ நேராகவே வந்திருக்கின்றன. அப்படியிருந்தும் டெல்லியில் மருத்துவமனைகள் சில, தங்களிடம் இன்னும் சில மணி நேரத்துக்கே இருப்பு உள்ளதென்று பகிரங்கமாக அறிவித்தன. சிலவற்றில் உயிர்கள் பிரிந்தன.

இதற்குக் காரணம் புவியியலாகும். பேரளவிலான திரவப் பிராணவாயு பெரும்பாலும் உருக்காலைகளை ஒட்டிய காற்றுப் பிரிப்பு நிலையங்களில் உற்பத்தியாகிறது. ரூர்கேலா, பொக்காரோ, ஜாம்ஷெட்பூர், துர்காபூர், பிலாய், கலிங்கநகர், அங்குல் என இரும்புத் தாதும் நிலக்கரியும் அருகருகே கிடைக்கும் கிழக்கு, மத்தியப் பகுதிகளில்தான் இவ்வாலைகள் அமைந்துள்ளன. நோயின் வேகமோ அந்நாட்களில் மகாராஷ்டிரம், குஜராத், டெல்லி, உத்தரப் பிரதேசம், அரியானா ஆகிய மேற்கு, வடக்குப் பகுதிகளில் மிகுந்திருந்தது. சாதாரண காலங்களில் மருத்துவமனைகளின் தேவை சிறிது. அதை அருகிலுள்ள நிரப்பு நிலையங்களே ஈடுசெய்து வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவுக்கு நாள் தவறாமல் பிராணவாயுவை ஏற்றிச் செல்லவேண்டிய நிலை நாட்டுக்கு அதற்குமுன் ஏற்பட்டதில்லை. டாங்கர்களின் எண்ணிக்கையும் அந்தப் பழைய தேவையின் அளவுக்கே இருந்தது.

இந்த டாங்கர் சாதாரணமான வண்டியன்று. பிராணவாயு பூச்சியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியசில் திரவமாகிறது. ஒரு லிட்டர் திரவம் வாயுவாக மாறும்போது ஏறத்தாழ 860 லிட்டராக விரிகிறது. ஒரு டன் திரவத்திலிருந்து, மருத்துவமனைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் ஏழு கன மீட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டர்கள் சுமார் நூற்றை நிரப்பலாம். இத்தகைய செறிவே நெடுந்தொலைவுப் போக்குவரத்தைச் சாத்தியமாக்குகிறது. ஆனால் அந்தக் குளிரைக் காப்பதற்கு, இரண்டு சுவர்களுக்கிடையே காற்றே இல்லாத வெற்றிடம் கொண்ட கலம் வேண்டும். அத்தகைய கலத்தைச் செய்து முடிக்க மாதங்கள் ஆகும். நெருக்கடி மூண்டபின் ஆணை கொடுத்துப் பயனில்லை.

சுற்று நேரம் என்ற கணக்கு

இந்நிலையில் இருக்கும் டாங்கர்களையே வைத்துக்கொண்டு அதிகமான பிராணவாயுவைக் கொண்டுசேர்க்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று காட்டும்.

டெல்லிக்கு நாள்தோறும் 700 டன் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் பணித்தது. ஒரு டாங்கர் 15 டன் கொள்ளும் என்று கொள்வோம். அப்படியானால் நாளொன்றுக்கு 47 டாங்கர்கள் டெல்லியை அடைய வேண்டும். கிழக்கேயுள்ள ஆலையிலிருந்து சாலை வழியாக வர மூன்று நாள், ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கவும் ஒரு நாள், காலியாகத் திரும்ப மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு டாங்கரின் சுற்று நேரம் ஏழு நாள். ஆகவே 329 டாங்கர்கள் டெல்லிக்கு மட்டுமே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பும் பயணத்தை மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்துவிட்டால் சுற்று நேரம் ஐந்து நாளாகிறது. 235 டாங்கர்கள் போதும். ஒரு டாங்கரையும் புதிதாகச் செய்யாமல் 94 டாங்கர்கள் கிடைத்துவிடுகின்றன. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஆனால் கணக்கின் போக்கு உண்மையானது. 1961ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவிய விதியும் இதுவே: ஓர் அமைப்புக்குள் இருக்கும் அலகுகளின் எண்ணிக்கை, அவை வந்துசேரும் வீதத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் நலம். 1941-இல் ஹிட்ச்காக் வகுத்த போக்குவரத்துக் கணக்கு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. பல ஆலைகளிலிருந்து பல ஊர்களுக்குச் சரக்கை ஆகக் குறைந்த செலவில் அனுப்பும் வழியை அது கண்டறிகிறது. வண்டி வேண்டிய அளவு கிடைக்கும் என்பது அக்கணக்கின் மறைவான அனுமானம். வண்டியே அரிதாகிவிட்டால் குறைக்கவேண்டியது ரூபாய்ச் செலவு அன்று, டாங்கர் செலவிடும் மணி நேரம். அவ்வாறு கணக்கிட்டால், தொலைவில் மலிவாகக் கிடைக்கும் பிராணவாயுவைவிட அருகில் அதிக விலைக்குக் கிடைப்பதே உகந்ததாகிவிடும். ஏப்ரல் மாத இறுதியில் எந்த ஆலையிலிருந்து எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீட்டுப் பட்டியல் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

திரும்பும் வழியைச் சுருக்குதல்

சாலையில் டாங்கர் மெதுவாகவே செல்ல இயலும். குலுங்கக் கூடாது, சடுதியில் நிறுத்தக் கூடாது, ஆபத்தான சரக்கை ஓட்டுவதற்கெனப் பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேண்டும். ஒரே ஓட்டுநர் இரவும் பகலும் ஓட்ட முடியாது என்பதால் வண்டி நிற்கும். வண்டி நிற்கும் ஒவ்வொரு மணியும் சுற்று நேரத்தில் சேரும். எனவேதான் ரயிலின் உதவி நாடப்பட்டது.

ஆனால் லாரியை அப்படியே ரயில் வேகன்மேல் ஏற்றுவது சொல்வதுபோல் எளிதன்று. பாதையின் குறுக்கே மேம்பாலங்கள் உண்டு. மேலே மின்கம்பிகள் உண்டு. பலவகை டாங்கர்களை அளந்து பார்த்ததில், 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு வகையே 1,290 மில்லிமீட்டர் உயரமுள்ள தட்டை வேகன்மீது ஏற்றுவதற்கு ஏற்றதென முடிவாயிற்று. இரண்டும் சேர்ந்து 4,610 மில்லிமீட்டர். முதல் ரயில் மலைத்தொடர்ப் பாதையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் சென்றதற்கும் இந்த உயரமே காரணம். அது சற்றே 50 மணிக்கு மேற்பட்ட நேரத்தில் விசாகப்பட்டினத்தை அடைந்தது. அங்கே ஏழு டாங்கர்களிலும் 100 டன்னுக்கு மேல் நிரப்ப 10 மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து 21 மணி நேரத்தில் நாகபுரி வந்துசேர்ந்து மூன்று டாங்கர்களை இறக்கியது. எஞ்சிய நான்கும் ஏப்ரல் 24 அன்று நாசிக்கை அடைந்தன. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் பிராணவாயுத் தொட்டியில் கசிவு ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்திருந்தனர்.

நிரப்புவதற்கு ஆன அந்தப் பத்து மணி நேரத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஏழு டாங்கர்கள் ஒன்றாக வந்து நின்றால், முதல் டாங்கர் நிரம்பிய பின்னும் கடைசி டாங்கருக்காகக் காத்திருக்கும். கூட்டமாக வருவதில் ரயிலுக்கு வசதி உண்டு. நிரப்பும் முனையில் நெரிசல் உண்டு. ஒரு நெரிசலை நீக்கினால் அது அடுத்த முனைக்கு நகர்ந்துவிடுகிறது. வலைப்பின்னலைச் சீர்செய்யும் அதிகாரிக்கு இதுவே ஓயாத தலைவலி.

இந்த ரயில்கள் பின்னர் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் எனப் பெயர் பெற்றன. நெடுந்தொலைவுப் பயணங்களில் பெரும்பாலும் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இவை ஓடின. பணியாளர் மாறுவதற்கான நிறுத்தம் ஒரு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ராய்கட்டிலிருந்து நான்கு டாங்கர்களில் சுமார் 70 டன் ஏற்றிவந்த ரயில் ஏப்ரல் 27 அன்று டெல்லியை அடைந்தது. துர்காபூரிலிருந்து 80 டன்னுடன் தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ரயில் மே 14 அன்று சென்னைத் தண்டையார்பேட்டையைச் சேர்ந்தது. மொத்தம் 15 மாநிலங்களுக்கு 35,000 டன்னுக்கு மேல் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டது.

திரவப் பிராணவாயு நிரம்பிய டாங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்தானது. அது இடைவிடாது சிறிதளவு ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடிய விமானத்துக்குள் பிராணவாயு செறிந்தால் ஒரு பொறி போதும். காலி டாங்கருக்கு இந்தத் தடை இல்லை. ஏப்ரல் 22 முதல் விமானப் படையின் பெரிய விமானங்கள் காலி டாங்கர்களைத் துர்காபூரை அடுத்த பானாகர் போன்ற தளங்களில் கொண்டுபோய் இறக்கின. மேற்சொன்ன கணக்கில் திரும்பும் மூன்று நாள் சில மணி நேரமாகச் சுருங்குவது இவ்வகையில்தான். சிங்கப்பூரிலிருந்து நான்கு குளிர்கலங்கள் ஏப்ரல் 24 அன்று வந்திறங்கியதும் அதே பானாகரில்தான். கடற்படைக் கப்பல்களும் பணியில் ஈடுபட்டன. பஹ்ரைனிலிருந்து 40 டன்னுடன் ஐ.என்.எஸ். தல்வார் மே 5 அன்று மங்களூரை அடைந்தது.

இதற்கிடையே வேறு பணிக்கு உரிய டாங்கர்களை மாற்றிக்கொள்ளும் வேலையும் நடைபெற்றது. திரவ நைட்ரஜன் பிராணவாயுவைவிடக் குளிர்ச்சியானது. ஆர்கானும் சற்றே அப்படித்தான். ஆகவே அவற்றைச் சுமக்கும் கலம் பிராணவாயுவையும் சுமக்கும். ஆனால் கலத்தினுள் எண்ணெய்ப் பசையின் சுவடும் இருத்தலாகாது; பிராணவாயுவுடன் சேர்ந்தால் அது வெடிக்கும். சுத்திகரித்து, சோதித்து, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் இசைவைப் பெற்றபின் அவை பணிக்கு விடப்பட்டன. சாதாரண காலத்தில் மெதுவாக நகரும் இசைவுக் கோப்புகள் அப்போது விரைந்து நகர்ந்தன. கோப்பு காத்திருக்கும் நேரமும் சுற்று நேரத்தின் ஒரு பகுதியே என்பதை நிருவாகம் நெருக்கடியில் மட்டும் உணர்வது வருந்தத்தக்கது.

கையிருப்பை எடுத்தாளுதல்

ஆலைகள் வழக்கமாக மூன்றரை நாளுக்கு வேண்டிய திரவப் பிராணவாயுவைப் பாதுகாப்பு இருப்பாக வைத்திருந்தன. அது அரை நாள் அளவாகக் குறைக்கப்பட்டு எஞ்சியது மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டது. இது ஒருமுறை மட்டுமே கிடைக்கும் உதவி. மூன்று நாள் இருப்பைச் செலவழித்த பின்னர் மறுபடி செலவழிக்க அங்கே ஏதும் இராது. ஆயினும் டாங்கர்களின் சுற்று சீரடைவதற்கு வேண்டிய அவகாசத்தை அது வாங்கிக்கொடுத்தது.

தொழில்துறைக்கான வழங்கலும் கட்டுப்படுத்தப்பட்டது. ஏப்ரல் 22 முதல் ஒன்பது துறைகளைத் தவிர மற்றவற்றுக்குப் பிராணவாயு நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 25 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை அவ்விலக்குகளையும் நீக்கித் திரவப் பிராணவாயு முழுவதையும் மருத்துவத்துக்கே உரியதாக்கியது. விலக்குப் பெற்றிருந்த ஒன்பதில் மருந்துக் குப்பிகளைச் செய்யும் தொழிலும், பிராணவாயு சிலிண்டர்களைச் செய்யும் தொழிலும் அடங்கியிருந்தன என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. சிலிண்டரில் அடைக்கவேண்டிய வாயு, சிலிண்டரைச் செய்வதற்கும் வேண்டியிருக்கிறது. ஒரு முனையை முற்றாக அடைத்தால் வேறெங்கோ எதிர்பாராத முனை வற்றும். நாடெங்கும் வெல்டிங் பட்டறைகளும் எரிவாயு கொண்டு இரும்பு வெட்டும் சிறு தொழில்களும் வாரக்கணக்கில் முடங்கின. அத்தொழிலாளர்கள் இழந்த கூலி மீட்சியின் செலவுக் கணக்கில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

ரயில்வேயின் பழைய அனுபவம்

சுற்று நேரத்தைக் குறைத்துப் பற்றாக்குறையைத் தீர்த்தது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1970களின் இறுதியில் சுரங்க வாயில்களில் நிலக்கரி குவிந்துகிடக்க, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியின்றித் தவித்தன. வேகன் போதாது என்ற குரல் எங்கும் எழுந்தது. 1980–81-இல் அகல ரயில்பாதை வேகன் ஒன்று, ஒருமுறை சரக்கேற்றிய பின் மறுமுறை சரக்கேற்றுவதற்குச் சராசரியாக 15.2 நாள் எடுத்துக்கொண்டது. அந்நாட்களில் பெரும்பகுதியை வேகன் ஓட்டத்தில் கழிக்கவில்லை. யார்டுகளில் பிரிக்கப்பட்டும் கோக்கப்பட்டும் சோதிக்கப்பட்டும் நின்றே கழித்தது.

அப்போது ரயில்வே வாரியத்தின் தலைவராயிருந்த எம். எஸ். குஜ்ரால், பழுதடைந்த பழைய வேகன்களை ஒதுக்கிவிட்டு, ஒரே சரக்கை ஏற்றிய முழு ரயிலைப் புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம்வரை இடையில் பிரிக்காமல் ஓட்டும் முறையை வலியுறுத்தினார். 1980–81-இல் 19.59 கோடி டன்னாக இருந்த வருவாய்ச் சரக்கு அடுத்த ஆண்டில் 22.12 கோடி டன்னாயிற்று. வேகன்களின் எண்ணிக்கையைக் கூட்டாமலே ஓராண்டில் எய்திய உயர்வு இது. 2010–11-இல் வேகனின் சுற்று நேரம் ஐந்து நாளுக்கும் குறைந்துவிட்டது.

இதே கணக்கின் மறுபக்கம் 2022ஆம் ஆண்டின் கோடையில் தென்பட்டது. மின்தேவை திடீரென உயர்ந்து அனல்மின் நிலையங்களின் நிலக்கரி இருப்பு சரிந்தபோது, நிலக்கரி ரயில்கள் விரைந்து சென்று விரைந்து திரும்புவதற்காகப் பயணிகள் ரயில்களின் அறுநூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் ரத்துசெய்யப்பட்டன. சரக்கு ரயிலின் சுற்று நேரத்தைக் குறைத்ததற்கான விலையைப் பயணிகள் செலுத்தினர்.

எல்லைகளும் ஆணைகளும்

டாங்கர் ஓட்டத்தில் தொலைவைவிடப் பெரிய இடையூறாக அமைந்தது சில இடங்களில் மாநில எல்லையாகும். தம் மக்கள் தவிக்கையில் தம் எல்லைக்குள் உற்பத்தியாகும் பிராணவாயுவை வெளியே அனுப்ப எந்த நிருவாகமும் தயங்கும், தயக்கம் இயற்கையானதே. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கை முதலில் காத்துக்கொள்ள முற்பட்டால் டாங்கர்கள் எல்லையில் நிற்கும், சுற்று நேரம் நீளும், எல்லோருக்கும் கிடைக்கும் மொத்த அளவே குறையும். ஏப்ரல் 22 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், மாநிலங்களுக்கிடையே மருத்துவப் பிராணவாயுவின் போக்குவரத்தைத் தடுக்கலாகாது என்று ஆணையிட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் விலக்கப்பட்டது. டாங்கர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டது.  டாங்கர் இருக்குமிடம் தெரியாத நிலையில் வகுக்கப்படும் ஒதுக்கீடு தாளில் மட்டுமே நிறைவேறும். டெல்லிக்கு 490 டன் ஒதுக்கப்பட்டிருந்தபோதும் உண்மையில் வந்துசேர்ந்தது குறைவாக இருந்ததும், தொழில் மாநிலமல்லாத டெல்லிக்குச் சொந்த டாங்கர்கள் போதுமான அளவில் இல்லாதிருந்ததும் நீதிமன்றங்களில் நீண்ட வாதங்களுக்கு உள்ளாயின. ஒதுக்கீட்டுக்கு அறிவியல் முறையை வகுக்க உச்ச நீதிமன்றம் மே மாதத்தில் பன்னிரண்டு உறுப்பினர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது. தூத்துக்குடியில் மூடப்பட்டுக் கிடந்த தாமிர ஆலையின் பிராணவாயுப் பிரிவை மட்டும் இயக்குவதற்கு ஏப்ரல் 27 அன்று இசைவளித்ததும் அதே நீதிமன்றம்தான்.

கடைசிச் சில மைல்கள்

டாங்கர் நகரத்தை அடைந்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. பெரிய மருத்துவமனைகளில் திரவத்தைச் சேமிக்கும் தொட்டி உண்டு. சிறியவற்றுக்கு நிரப்பு நிலையத்திலிருந்து சிலிண்டர் வர வேண்டும். ஏழு கன மீட்டர் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் நோயாளிக்குச் சுமார் 11 மணி நேரம் வரும். நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தும் கருவியில் இணைத்தால் இரண்டு மணி நேரமும் நிற்காது. அங்கும் காலிச் சிலிண்டர் திரும்பிச் செல்லவேண்டும். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனைக்கு மைசூரிலிருந்துதான் சிலிண்டர்கள் வந்துகொண்டிருந்தன. மே 2ஆம் நாள் இரவு அவை உரிய நேரத்தில் வரவில்லை. 24 நோயாளிகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் உற்பத்தி புதிய உச்சங்களை எட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இது நிகழ்ந்தது.

மும்பை மாநகராட்சி இத்தகைய நிலையைப் பெருமளவு தவிர்த்துக்கொண்டது. முதல் அலைக்குப் பின் கிடைத்த இடைவெளியில், சிலிண்டர்களை நம்பியிருந்த மருத்துவமனைகளில் 13,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகளை அது நிறுவியிருந்தது. தொட்டி இருந்தால் டாங்கர் சில மணி நேரம் தாமதித்தாலும் நோயாளி அறிய மாட்டார். அங்கும் முற்றிலும் குறையில்லாமல் இல்லை. ஏப்ரல் 17 இரவு ஆறு மருத்துவமனைகளில் இருப்பு குறைந்துவிட, 168 நோயாளிகள் இரவோடிரவாக வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பிராணவாயுவை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாதபோது நோயாளியைப் பிராணவாயுவிடம் கொண்டுசெல்வதும் ஒரு வழிதான். ஆனால் எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு உள்ளது என்பதை ஒரே இடத்தில் அறிந்திருந்தால்தான் அது இயலும். மும்பையின் முறையை டெல்லி கற்றறியலாம் என உச்ச நீதிமன்றம் மே 5 அன்று குறிப்பிட்டது.

மீட்சிக்குப் பின்

ஜூன் மாதத்தில் நோயின் வேகம் தணிந்து தேவை குறைந்தது. வலைப்பின்னல் தன் முயற்சியால் எவ்வளவு மீண்டது, தேவை சரிந்ததால் எவ்வளவு மீண்டது என்பதைப் பிரித்தறிவது கடினம். பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஏற்பாடுகளில் முதன்மையானது, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு பிராணவாயுவைப் பிரித்துத்தரும் பி.எஸ்.ஏ. நிலையங்களை மருத்துவமனை வளாகத்திலேயே அமைப்பதாகும். பிரதமரின் நிதியிலிருந்து 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உதவி அளிக்கப்பட்டு, 2021 அக்டோபர் 7ஆம் நாளுக்குள் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அவை இயங்கத் தொடங்கின. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் நிலையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு டன் திரவத்துக்கு ஈடான வாயுவைத் தரும். பெருநகர மருத்துவமனைக்கு இது போதாது. சாமராஜநகர் போன்ற மாவட்டத் தலைமையிடத்துக்கு, டாங்கரும் சிலிண்டரும் வந்து சேரும்வரை நோயாளிகளைத் தாங்கும்.

இந்நிலையங்களுக்கு வேறுவகைக் கவனிப்புத் தேவை. நைட்ரஜனைப் பிடிக்கும் சியோலைட் என்ற மணிகள் ஈரம் ஏறினால் திறன் இழக்கும். ஆகவே தேவை இல்லாத மாதங்களிலும் இயந்திரத்தை அவ்வப்போது இயக்க வேண்டும். வரும் காற்றின் ஈரத்தை நீக்கும் பகுதியைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும். மின்தடைக்கு ஜெனரேட்டர் வேண்டும். வெளிவரும் பிராணவாயுவின் தூய்மை 93 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று அளந்து பதிய வேண்டும். இதற்கென 7,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் இன்னும் அதே மருத்துவமனையில் பணியாற்றுகின்றனர், வடிகட்டி மாற்றும் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது, இயந்திரம் கடைசியாக எந்த நாளில் இயக்கப்பட்டது என்பவை ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் தெரியும்.